தலைகீழாகவா, நேராகவா?

2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி காலை ஒன்பதரை மணி அளவில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? தாராபுரத்திலோ காங்கயத்திலோ கரூரிலோ இருந்திருந்தால், கங்கண சூரிய கிரகணத்தைக் கண்டிருக்கலாம். அல்லது கிரகணத்துக்கு அஞ்சிக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கலாம். உள்ளே இருந்தவர்களும் அதை முற்றிலும் இழந்துவிடவில்லை. பழைய ஓட்டு வீடுகளில் ஓட்டிடுக்கு வழியாகத் தரையில் விழும் வெளிச்சக் காசுகள் அன்று வளையல்களாக மாறிக் கிடந்தன. வேப்பமரத்தடியிலும் அப்படியே.

மற்ற நாள்களில் அவை ஏன் வட்டமாக இருக்கின்றன என்று எப்போதாவது எண்ணிப் பார்த்தீர்களா? ஓட்டின் இடுக்கு வட்டமில்லை. இலைகளுக்கு நடுவிலுள்ள சந்தும் வட்டமில்லை. ஆனாலும் வெளிச்சம் வட்டமாகவே விழுகிறது. அந்தக் காசு ஒவ்வொன்றும் சூரியனின் படம் என்பதே காரணம். சூரியன் வளையமானால் காசும் வளையமாகும்.

இன்னும் வேடிக்கையானது ஒன்றுண்டு. சித்திரை மாத மதியத்தில் தெருப்பக்கத்துச் சன்னலைச் சாத்திவிட்டுப் படுத்திருக்கிறீர்கள். சன்னல் பலகையில் பழைய ஆணித் துளை ஒன்று இருக்கிறது. எதிர்ச் சுவரில், தெருவில் சைக்கிளில் போகிறவர் தலை கீழாகவும் சக்கரம் மேலாகவும் தோன்றி, அவர் போகும் திசைக்கு எதிர்த்திசையில் ஊர்ந்து மறைகிறார். இதைச் சிறு வயதில் பார்க்காதவர்கள் நம் பக்கத்தில் குறைவு. பார்த்தவர்களுள் காரணம் கேட்டவர்கள் அதைவிடக் குறைவு.

இந்தத் தலைகீழ்ப் படத்துக்குக் காரணம் சொல்லி எழுதி வைத்த நூல்களுள், நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையவற்றில் ஒன்று சீனத்தில் உள்ளது. மோ ட்சு என்ற தத்துவ ஞானியின் பெயரால் வழங்கும் நூலில் அடங்கிய சில அத்தியாயங்கள் அவை. மோ ட்சு கி.மு. ஐந்தாம் நூற்றாண்டினர், கன்பூசியஸுக்குச் சற்றுப் பின் வந்தவர். எல்லோரிடமும் வேறுபாடின்றி அன்பு காட்ட வேண்டும், வலியவன் எளியவன்மேல் படையெடுப்பது திருட்டுக்கு நிகர் என்பன அவருடைய கொள்கைகள். வெறும் போதனையோடு அவர் நிற்கவில்லை. சூ நாட்டரசன் சுங் நாட்டைத் தாக்கப் புறப்பட்டபோது, பத்து நாள் இரவு பகலாக நடந்து சென்று, தம் இடுப்புக் கச்சையைக் கோட்டையாகத் தரையில் வைத்து, அரசனின் தச்சர் காட்டிய ஒன்பது தாக்குதல்களையும் ஒன்பது முறை முறியடித்துக் காட்டிப் போரை நிறுத்தினார் என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, அவர் வழியினர் கோட்டைக் காவல் தொழிலில் வல்லவர்கள் என்பது உண்மை. மரமும் கயிறும் எடையும் அறிந்த கைகள் அவர்களுடையவை. அவர்களை நாம் மோவியர் என்று அழைப்போம்.

கி.மு. 300ஐ ஒட்டிய காலத்தில் இந்த மோவியர், சுருக்கமான சூத்திரங்களும் அவற்றுக்கு விளக்கங்களுமாக ஒரு தொகுப்பைச் செய்தனர். அதில் எட்டுச் சூத்திரங்கள் நிழலையும் ஆடியையும் பற்றியவை. துளைப் படத்தைப் பற்றி அவர்கள் கூறுவதன் சாரத்தை என் சொற்களில் தருகிறேன். ஒளி அம்பைப்போல் பாய்கிறது. கீழேயிருந்து வருவது மேலே போகிறது, மேலேயிருந்து வருவது கீழே போகிறது. கதிர்கள் ஒரு புள்ளியில் வெட்டிக்கொள்வதால் கால் மேலும் தலை கீழுமாகப் படம் விழுகிறது. இவ்வளவுதான். இதைவிடச் சுருக்கமாக நம் பத்தாம் வகுப்புப் பாடநூலாலும் சொல்ல முடியாது.

நிழலைப் பற்றி அவர்கள் சொன்ன ஒன்று என்னை நெடுநேரம் உட்கார வைத்தது. நிழல் நகர்வதில்லை என்கிறார்கள்! பறவை பறக்கும்போது அதன் நிழல் வயலில் ஓடுவதாக நாம் நினைக்கிறோம். ஓடுகிற பொருள் அங்கே எதுவும் இல்லை. ஒளி வந்த இடத்தில் பழைய நிழல் அழிகிறது, ஒளி மறைந்த இடத்தில் புதியது பிறக்கிறது. சினிமாத் திரையில் நடிகர் ஓடாமலே ஓடுவதாகத் தோன்றுவதை அறிந்த நமக்கு இது எளிது. சினிமா இல்லாத நாளில் இதை எண்ணியவர்களை என்னவென்பது!

இனி நம் ஊருக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் தாராபுரம் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒரு பலகையில் பனித்துளியும் பனைமரமும் அழகாக வரையப்பட்டிருந்தன. கீழே, வில்லைகளின் தத்துவத்தைக் கபிலர் அன்றே கண்டார் என்று எழுதியிருந்தது. திருவள்ளுவமாலையில் கபிலர் பெயரால் உள்ள வெண்பாவைத்தான் அது குறித்தது. தினையளவுகூட இல்லாத புல்நுனி நீர், நெடிய பனையைத் தன்னுள் காட்டுவதுபோல், குறள் பெரும் பொருளைக் காட்டுகிறது என்பது அதன் கருத்து. (பாடியவர் சங்கக் கபிலர்தாமா என்பதில் அறிஞர்களுக்கு ஐயம் உண்டு. அதை இப்போது விட்டுவிடுவோம்.)

பலகையருகே நின்ற மாணவியிடம், “துளிக்குள் பனைமரம் நேராகத் தெரியுமா, தலைகீழாகத் தெரியுமா?” என்று கேட்டேன். விழித்தாள். பக்கத்திலிருந்த பையன் “நேராத்தானுங்க சார்” என்றான். ஆசிரியரும் சிரித்துக்கொண்டு பேசாமலிருந்தார். அந்தப் பெண் கெட்டிக்காரி. ஒரு புல்லைக் கிள்ளி, குழாயடியில் நனைத்து எடுத்து, துளியை வேப்பமரத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, “தலைகீழாத் தெரியுதுங்க சார்” என்று ஓடி வந்தாள். பையன் விடவில்லை. தானும் பார்த்தான்; “எனக்கு நேராத் தெரியுதே!” என்றான்.

இருவரும் சொன்னது சரியே. துளிக்கு அப்பாலுள்ள மரத்தின் ஒளி, துளியினூடே விலகி வந்து தலைகீழ்ப் படம் தருகிறது. பார்ப்பவன் முதுகுக்குப் பின்னாலுள்ள மரமோ துளியின் முன்பரப்பில் பட்டுத் திரும்பி, குவியாடியில் தெரிவதுபோல் மங்கலாக, சிறிதாக, நேராகத் தெரிகிறது. ஒரே துளியில் இரண்டு பனைமரங்கள் உண்டு. வெண்பாவிலோ எந்தப் பனை என்பதற்கு விடை இல்லை. இருக்க வேண்டியதும் இல்லை. கவிஞருக்கு வேண்டியது சிறியது பெரியதைக் காட்டும் வியப்பு. அதை அவர் கூர்ந்து பார்த்தார், அழகாகச் சொன்னார். அது கவிதைக்குப் பெருமை. அதை வில்லைத் தத்துவம் என்று மாற்றி எழுதும்போது நாம் கவிதையையும் இழக்கிறோம், விஞ்ஞானத்தையும் பெறுவதில்லை.

பழைய நூல் ஒன்றைக் கையிலெடுக்கும்போது நான் இப்போதெல்லாம் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன்: தலைகீழாகவா, நேராகவா? அதாவது, எப்போது இப்படி, எப்போது அப்படி, ஏன் என்று நூல் சொல்கிறதா? மோவியர் சொல்கிறார்கள். குழியாடியில் இரண்டு வகைப் படம் உண்டு. நடுவுக்கு உள்ளே நின்றால் நேர், வெளியே நின்றால் தலைகீழ். குவியாடியில் ஒரே வகைதான் என்று பிரித்து வைக்கிறார்கள். நீங்கள் ஒரு புதிய எவர்சில்வர் கரண்டியை எடுத்து உட்குழிவில் முகத்தைப் பாருங்கள், தலைகீழாக இருக்கும். விரல் நுனியைக் குழிவுக்கு மிக அருகே கொண்டுபோங்கள், நேராகிப் பெரிதாகும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. படம் கவிழுமிடம் குவியம் என்று நாம் படித்திருக்கிறோம். மோவியரோ அதை வளைவின் மையத்தில் வைப்பதாகத் தோன்றுகிறது. தவறு என்று ஒதுக்கிவிடலாமா? ஏ. சி. கிரஹாம், நேதன் சிவின் என்ற இரு அறிஞர்கள் 1973இல் இச்சூத்திரங்களை வரிவரியாக ஆராய்ந்தனர். பார்ப்பவன் தன் முகத்தையே பொருளாக வைத்து நடந்து பார்த்தால், குவியத்துக்கும் மையத்துக்கும் இடையே படம் அவன் கண்ணுக்குப் பின்னால் விழுவதால், அவனுக்குக் கலங்கலாகவே தெரியும். மையத்தைத் தாண்டிய பிறகே தெளிவான தலைகீழ் முகத்தைக் காண்பான். மோவியர் கண் கண்டதை எழுதினார்கள் என்று கொண்டால் சிக்கல் தீர்கிறது. திரையை நகர்த்திப் படம் பிடிக்கும் யோசனை அவர்களுக்கு வரவில்லை என்பதும் அதிலேயே தெரிகிறது. ஆனால் ஆடியை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்திருக்கிறார்கள்!

நம் தர்க்க நூல்கள் இந்த இடத்தில் வேறு வழி சென்றன. நியாய தரிசனத்தின்படி கண்ணிலிருந்து ஒரு கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுகிறது. இரவில் திரியும் விலங்குகளின் கண் மின்னுவதை அதற்குச் சான்றாகக் காட்டினர். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டியதில்லை. கிரேக்கத்து யூக்ளிடும் கண்கதிரை நம்பினார், நம்பிக்கொண்டே ஒளியியலுக்கு வடிவ கணிதத்தைக் கட்டினார். பதினோராம் நூற்றாண்டுக் கெய்ரோவில் இப்னு அல் ஹைத்தம் வந்துதான் அந்தக் கதிரை ஒழுங்காகத் திருப்பி விட்டார். மோவியரோ, மனிதன் கண்ணால் காண்கிறான், கண் தீயால் காண்கிறது, தீ மட்டும் காண்பதில்லை என்று ஓரிடத்தில் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார்கள்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு, அளவு மீறிய புகழ்ச்சியையும் நான் கண்டித்தாக வேண்டும். ஜோசப் நீடாம் என்ற ஆங்கிலேயர், சீன விஞ்ஞான வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதிய பேரறிஞர். 1962இல் வெளிவந்த பௌதிகத் தொகுதியில் ஒரு மோவியச் சூத்திரத்தை அவர் மொழிபெயர்த்த விதத்தில், நியூட்டனின் முதல் விதி அப்படியே வந்து நிற்கிறது: எதிர்விசையால்தான் இயக்கம் நிற்கும், அது இல்லையேல் நிற்காது. படித்தவர்கள் வியந்தார்கள். மொழிபெயர்ப்பு முழுவதும் ஒரே ஓர் எழுத்தின் மேல் நின்றது. அந்த எழுத்தின் வழக்கமான பொருள் ‘நீடித்தல்’. கிரஹாம் 1978இல் வெளியிட்ட நூலில் அவ்வாறே பொருள் கொண்டார். நிற்பது என்றால் ஓரிடத்தில் ஏதேனும் நேரம் நீடிப்பது. அம்பு தூணைக் கடப்பது ஒரு வகை, மனிதன் பாலத்தைக் கடப்பது மற்றொரு வகை என்று காலத்தைப் பற்றிய தர்க்கம் அது. எனக்குக் கிரஹாம் சொல்வதே பொருந்துகிறது. சூத்திரத்தில் உள்ள பாலத்துக்கும் தூணுக்கும் அப்போதுதான் வேலை இருக்கிறது.

நியூட்டனின் மூன்று விதிகளையும் கணாதர் முன்பே சொல்லிவிட்டார் என்ற செய்தி உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கும். வைசேடிகம் நமக்குப் புதிதன்று. மணிமேகலையிலேயே ஒரு வைசேடிகவாதி வந்து பொருள், குணம், கருமம் என்று தொடங்கி ஆறையும் விளக்கிவிட்டுப் போகிறார். ஆனால் பலரும் எடுத்துக்காட்டும் ‘வேகம்’ பற்றிய விளக்கம், பல நூற்றாண்டுகள் பின்வந்த பிரசஸ்தபாதருடையது. எறிந்த பொருளுக்குள் ஒரு வேகம் தங்கி அதைச் செலுத்துகிறது என்பது அவர் கருத்து. நல்ல சிந்தனைதான். பதினான்காம் நூற்றாண்டு ஐரோப்பாவில் புரிடான் சொன்னதற்கு அது நெருங்கியது. நியூட்டனுக்கோ எதிர்ப்பக்கம் நிற்கிறது: இயக்கம் தொடர ஒரு காரணம் வேண்டும் என்பது பிரசஸ்தபாதர் கட்சி, வேண்டாம் என்பது நியூட்டன் கட்சி. தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சொல்பவர்களைப் போலத்தான் இதுவும். காலையிலோ மாலையிலோ அங்கே போய் நின்றால் நிழல் நீளமாகக் கிடக்கும்.

சீனர்களும் இதற்கு விலக்கல்லர். 2016 ஆகஸ்டில் ஏவிய குவான்டம் செய்தித்தொடர்புச் செயற்கைக்கோளுக்கு மோ ட்சுவின் பெயரையே வைத்தனர். ஒளி நேராகச் செல்கிறது என்று எழுதியவர்களுக்கு அது தகும். நான் குறை சொல்ல மாட்டேன்.

எந்திரவியலில் மோவியர் எவ்வளவு தூரம் சென்றனர்? விசை என்பது உடலை இயங்கச் செய்வது என்று இலக்கணம் வகுத்தனர். நம் ஊர்ச் சந்தைகளில் முன்பு பஞ்சும் புளியும் நிறுத்த தூக்குக்கோலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை குட்டை, மறு கை நீளம். சமனாக நிற்கும் கோலில் இருபுறமும் ஒரே அளவு எடையைக் கூட்டினால் நீண்ட கைப் பக்கம் தாழும் என்று மோவியர் கூறினர். சரிதான். ஆனால் எவ்வளவு நீளத்துக்கு எவ்வளவு எடை என்ற விகிதத்தை அவர்கள் எழுதவில்லை. அதே கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் எழுதினார். இந்த ஒரு குறையை எந்தப் புகழுரையாலும் மறைக்க முடியாது.

இன்னொரு சூத்திரம் நம் பின்னலாடை நாட்டுக்காகவே எழுதியது போலிருக்கிறது. மயிரிழையில் எடையைத் தொங்கவிட்டால் அறுகிறது. இழை சீராக இல்லாததால் அறுகிறது. முழுக்கச் சீராக இருந்தால் அறாது என்கிறது அது. முதற்பாதியைத் திருப்பூரில் எந்த நிட்டிங் பிட்டரிடமும் கேட்டுப் பாருங்கள். நூலில் மெலிந்த இடத்தை, அவர்கள் மொழியில் ‘தின் பிளேஸ்’, தேடித்தான் அறுப்பு வரும் என்பார். பிற்பாதி தவறு. சீரான நூலும் தன் வலிமைக்கு மேல் பாரம் ஏறினால் அறும். அறுவதற்கு எந்த இடத்தையும் தேர்ந்தெடுக்கக் காரணமில்லையாதலால் அறவே அறாது என்று மோவியர் வாதம் செய்தனர். தர்க்கம் கையை மீறி ஓடிய இடம் இது. பாரத்தைக் கூட்டிக்கொண்டே போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இத்தகைய பள்ளி பிறகு என்னவாயிற்று? கி.மு. 221இல் சின் பேரரசு எழுந்தபின் மோவியர் மறைந்தனர். அவர்கள் நூல் மட்டும், 1445இல் அச்சான தாவோ சமயத் தொகுப்பினுள் தப்பிக் கிடந்தது. கிடந்தும் பயனில்லை. சூத்திரங்கள் மேல்வரிசை, கீழ்வரிசை என இரண்டு வரிசையாக எழுதி, குறுக்கே படிக்க வேண்டியவை. பிற்காலத்தில் படியெடுத்தவர்கள் மேலிருந்து கீழாக ஒரேயடியாக எழுதிவிட்டனர். இரண்டு தறியின் பாவை ஒன்றாகச் சுற்றியது போல எல்லாம் சிக்கலாயிற்று. இந்நூலைக் குறுக்கே படிக்க என்ற குறிப்பு நூலுக்குள்ளேயே இருந்ததைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பதிப்பாசிரியர்கள் கவனித்த பிறகே சிக்கல் அவிழத் தொடங்கியது. இடையில் பதினோராம் நூற்றாண்டில் ஷென் குவா என்பவர், பருந்து பறக்கச் சன்னல் துளை வழியே அதன் நிழல் எதிர்த்திசையில் போவதைக் கண்டு, கதிர்கள் இடை சிறுத்த முழவைப் போலக் குறுகி விரிகின்றன என்று எழுதினார். நம் உடுக்கையை நினைத்துக்கொள்ளுங்கள்.

மோவியர் நம்மிலும் அறிவாளிகளா? அப்படி எனக்குத் தோன்றவில்லை. கொங்கு நாட்டுக் கிணறுகளில் மின்மோட்டார் வருமுன் ஓடிய கவலையைப் பாருங்கள். உருளை, வடக்கயிறு, வால்கயிறு, பறி, மாடு இறங்கும் வாரி. இவற்றில் சாய்தளமும் கப்பியும் விசையின் திசைமாற்றமும் எல்லாம் உண்டு. 1800இல் கோயமுத்தூர்ச் சீமை வழியே பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், தம் பயண நூலில் கபிலையையும் ஏற்றத்தையும் பற்றி எழுதி வைத்தார். வெளியூர்க்காரர் எழுதினார். கிணறு வெட்டிய கையிடம் ஏடு இல்லை; ஏடு வைத்திருந்த கை கவலை பிடிக்கவில்லை. மோவியரிடம் இரண்டும் ஒரே கையில் இருந்தன. என் கணக்கில் வேறுபாடு இவ்வளவே.

தாராபுரத்துக்குத் தெற்கே அமராவதிக் கரைத் தோட்டம் ஒன்றில், எண்பதைக் கடந்த பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். இளமையில் கவலை ஓட்டியவர். வாரியை ஏன் சரிவாக வெட்டினீர்கள் என்று கேட்டேன்.

“மாடு கழுத்துல மட்டுமா இழுக்குதுங்க தம்பி? சரிவுல எறங்கையில ஒடம்புப் பாரத்தையும் சேத்துல்ல இழுக்குது.”

“அப்படியானால் இன்னும் சரிவாக வெட்டியிருக்கலாமே, ஐயா?”

“வெட்டலாமுங்க. அப்பறம் பின்னால ஏறையில மாடு சடைஞ்சு போயிருமே!”

காரணமும் சொன்னார், அதன் எல்லையும் சொன்னார். குறிப்பேட்டை எடுத்து அப்படியே எழுதிக்கொண்டேன். பத்து முழத்துக்கு எத்தனை சாண் இறக்கம் வைப்பீர்கள் என்று அடுத்துக் கேட்டேன். பெரியவர் சற்று யோசித்தார். பிறகு வலக்கையை நீட்டி, உள்ளங்கையைச் சற்றே சாய்த்து, “இத்தனைங்க” என்று காட்டினார்.